ஷெட் காலனி ரேட்டு

கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க தம்பி. போதும் போதும், நான் ஒல்லிதான். அந்தா, முன்னாடி ரெண்டாவது சீட்டுல பச்சச் சேலை தெரியுதுல்ல, அதான் நம்ம வீட்டம்மா. அன்னபாக்கியம். அவ பக்கத்துலதான் சன்னலோரமா ஒக்காந்து வந்தேன். திண்டுக்கல்லுல ஒரு அம்மா ஏறுச்சு. ஆம்பள பக்கத்துல ஒக்கார மாட்டேன்னு நின்னுக்கிட்டே வந்துச்சு. கண்டக்டரு வந்து, "பெருசு, நீங்க பின்னாடி போங்க"ன்னுட்டாரு. கட்டுன பொஞ்சாதி பக்கத்துல இருந்து என்னையக் கெளப்பி விட்ட மொத ஆளு அவருதான்.

நீங்களும் ஓசூருக்குத்தானா? நல்லதாப் போச்சு. எங்க மக அங்கதான் இருக்கா. சுத்திப் பாக்கப் போகல தம்பி. வீட்ட வித்தாச்சு, போறோம். கவனிங்க, வித்தாச்சுன்னுதான் சொன்னேன். வித்தேன்னு சொல்லல. அது வேற, இது வேற. சொல்றேன்.

கூத்தனேந்தல் ஜங்ஷன் கேள்விப்பட்டிருக்கீகளா? இல்லைல்ல. ஒங்க வயசுக்காரங்க யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. மீட்டர்கேஜ் ஓடுன காலத்துல பெரிய ஊரு. லோகோ ஷெட்டு இருந்துச்சு. நான் ஷெட்டுல ஃபிட்டரு. பெறகு அகலப்பாத போட்டாங்க, ஷெட்ட மூடிட்டாங்க. இப்ப பேருலதான் ஜங்ஷன். எறங்கணும்னா முந்தின ஸ்டேசன்லயே கதவுகிட்ட வந்து நின்னுக்கிடணும், அம்புட்டு நேரந்தான் ரயிலு நிக்கும். சினிமாக் கொட்டகையக் கல்யாண மண்டபமா மாத்துனாங்க. கல்யாண வயசுப் புள்ளைக பூராம் திருப்பூரு, ஓசூருன்னு கெளம்பிருச்சு. மண்டபம் இப்ப வெங்காய குடோனு. வெங்காயமும் வெளியூரு.

எங்க தெருவுக்கு ஷெட் காலனின்னு பேரு. ஷெட்டுக்காரங்க சேந்து கூட்டுறவுச் சங்கம் வச்சு, கடன வாங்கிக் கட்டுன தெரு. ரெண்டு ரெண்டு வீடா ஒட்டிக் கட்டுனது, நடுச்சுவரு பொது. எனக்கும் சவரிமுத்துக்கும் ஒரே சுவரு. அவன் வீட்டுல ஆணி அடிச்சா எங்க வீட்டுக் காலண்டரு ஆடும். அப்படி ஒரு ஒறவு.

எல்லாத்தையும் கெடுத்தது பூலோகம். ஷெட்டு கிளார்க்கு. மகன் சிங்கப்பூருல கூப்புடுறான்னு வந்த வெலைக்கு வீட்டத் தள்ளிட்டுப் போயிட்டான். வாங்குனவன் குடிவரல, பூட்டித்தான் போட்டிருக்கான். அவன் போனது பிரச்சின இல்ல தம்பி. போட்டுட்டுப் போனானே ஒரு ரேட்டு, அது தெருவுலயே கெடந்துச்சு. அடுத்து வீடு கேட்டு வர்றவன் பூராம், "பூலோகம் வீடு இம்புட்டுக்குத்தான போச்சு?"ங்கிறான். நான் மொசைக் போட்டிருக்கேன், அவன் சிமிட்டித் தரை. அதெல்லாம் பேச்சுலயே எடுபடல.

அப்பத்தான் நான் தெருவக் கூட்டுனேன். நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். பகல்ல ஷெட்டு, பொழுது சாஞ்சா யூனியன் ஆபீசுல படிப்பு. பொருளாதாரம்னு ஒரு பாடம் உண்டு. பொருள் கொறஞ்சா வெல ஏறும், அதுதான் அதுல மொத விதி. எந்திரிச்சுச் சொன்னேன்: "நாம யாரும் விக்காம இருந்தா, விக்கிற வீடு கொறையும். கொறஞ்சா வெல ஏறும். பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்போம்." எல்லாரும் கைதட்டுனாங்க. காபித்தண்ணி கொண்டாந்த என் வீட்டம்மா மட்டும், "வாங்குறதுக்கு ஆளு வேணாமா?"ன்னு கேட்டா. நான் காபித்தண்ணிய வாங்கிக்கிட்டேன். அவ படிச்சது அஞ்சாப்பு.

மறுநா முனியாண்டி கோயில்ல சத்தியம். தெரு ஆம்பளைக அத்தன பேரும் வந்துட்டாங்க. ஒரு ரேட்டு போட்டோம். அதுக்குக் கீழ இந்த வீட்ட விக்க மாட்டேன்னு ஒவ்வொருத்தரா கொளுத்துன கற்பூரத்த உள்ளங்கையால அணைக்கணும். எங்க பக்கம் கோர்ட்டு தீர்ப்பக்கூட மீறுவாங்க, கற்பூரம் அணைச்சத மீற மாட்டாங்க. வாசகம் நான் சொல்லச் சொல்ல அவங்க சொன்னாங்க. சவரி மட்டும் கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். "மாயழகண்ணே, எனக்குக் கற்பூரம் செல்லுமா?"ங்கிறான். "சூடு எல்லா வேதத்துக்கும் ஒண்ணுதான்டா, அணை"ன்னேன். அணைச்சுட்டு, சுட்ட கையாலயே நெத்தியிலயும் நெஞ்சுலயும் சிலுவ போட்டுக்கிட்டான். ரெண்டு பக்கமும் பத்திரமாம்.

அந்த ரேட்டு எவ்வளவுன்னு கேக்காதீக. சொன்னா நீங்க சிரிப்பீக, பஸ்ஸே திரும்பிப் பாக்கும்.

பெறகு? பெறகு ஒருத்தனும் விக்கல. ஆனா ஒருத்தனும் இருக்கவும் இல்ல. ஒவ்வொருத்தனா வீட்டப் பூட்டி, சாவிய என்கிட்டக் குடுத்துட்டு மகன் வீடு, மக வீடுன்னு போயிட்டான். "அண்ணே, ஆளு வந்தா காட்டுங்க"ம்பான். நானும் காட்டுனேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரு ஆளக்கூட ஏமாத்துனதில்ல. போர்த்தண்ணி உப்பு, மழ பேஞ்சா ஓடைப் பக்கமிருந்து பாம்பு வரும், வடக்குச் சுவருல வெடிப்பு இருக்கு. மொத கொறையச் சொல்லுவேன். பெறகு ரேட்டச் சொல்லுவேன். "யோசிச்சுச் சொல்றோம்"பாங்க. இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க போல.

ஜனங்களுக்கு யோக்கியன் மேல நம்பிக்க இல்ல தம்பி. வேற என்ன சொல்லுறது.

அதுல பாருங்க, இந்தத் தர்மரு. மூணாவது வீடு. ஒருநா பாத்தா அவன் வீட்டு வாசல்ல யாரோ கோலம் போட்டுக்கிட்டு இருக்காங்க. போன் போட்டேன். "ஒத்திக்கு விட்டிருக்கேண்ணே"ங்கிறான். ஒத்தின்னா தெரியும்ல? ஒரு தொகைய வாங்கிக்கிட்டு வீட்டக் குடுத்துறது. வாடகையும் கெடையாது, வட்டியும் கெடையாது. தொகையத் திருப்பிக் குடுத்தா வீடு திரும்பும். சரி, ஒத்தி விக்கிறதுல சேராதுதான். "எப்படா திருப்புவ?"ன்னேன். "என் பேரன் திருப்புவாண்ணே"ங்கிறான். அவன் மகனுக்கே இன்னும் பொண்ணு அமையல. இது சத்தியத்துக்குச் செய்யுற மரியாதையா? சந்து கண்டுபிடிக்கிறவனப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

தர்மராவது பரவாயில்ல. சவரி செஞ்சதச் சொல்றேன் கேளுங்க.

ஆடி மாசம். காலையில பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கிறேன், அவன் வாசல்ல லாரி. பழைய கட்டட சாமான் வாங்குற ஆளுக, கடப்பாரையோட எறங்குறாங்க. சவரி வாசக்கதவத் தொட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறான்.

"என்னடா இது?"

"கதவ விக்கிறேண்ணே."

"டேய், சத்தியம்!"

"வீட்ட விக்க மாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன்? கதவு வீடாண்ணே?"

"சரி, நெலை?"

"நெலையும் வீடு இல்லண்ணே."

"மச்சுக்குப் போட்ட தண்டவாளம்?"

"அது ஷெட்டுல ஏலம் எடுத்ததுண்ணே. அது எப்படி வீடாகும்?"

எனக்கு வாயில பல்பொடி. துப்பிட்டு வந்து சண்ட போடுறதுக்குள்ள ஒரு சன்னலு எறங்கிருச்சு. "முழு வீட்டக் கேட்டு வந்தவனையெல்லாம் நீங்க ரேட்டச் சொல்லி அனுப்பிச்சீக. துண்டு துண்டாக் கேட்டா உடனே வாங்குறான்"ங்கிறான். அவன் கண்ணு கலங்குதா, செங்கத் தூசியான்னு தெரியல. பொழுது சாயிறதுக்குள்ள வீடு வெறும் சுவரா நின்னுச்சு. அதுல ஒரு சுவரு என்னது. கடப்பாரைய வச்சு நெம்புனதுல எங்க அடுப்படியில ரெண்டு வெடிப்பு. நடுச்சுவருங்கிறதால அதுல செங்கல் உருவாம விட்டுட்டுப் போனான். பெரிய மனசு.

சவரி பொஞ்சாதி ரோசலியும் எங்க வீட்டம்மாவும் கொல்லப்பக்கம் நின்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். பொம்பளைக அழுகைக்கு நேரங்காலம் ஏது?

அந்த ரெண்டு பேரும் பொழுதெல்லாம் கொல்லச்சுவரு மேல கைய வச்சுக்கிட்டுப் பேசுவாங்க. கொழம்பு கரியும், பேச்சு நிக்காது. தர்மரு வீட்டு ஒத்திக்காரங்க பகல் பூராம் வேலைக்குப் போயிருவாங்க. ரோசலி போன பெறகு எங்க வீட்டம்மா அமைதியாயிட்டா. உண்மையச் சொன்னா எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. பேப்பரப் படிச்சு ஒவ்வொண்ணா அவளுக்கு வெளக்கிச் சொல்லலாம். மறுபேச்சு கெடையாது. ஒருநா சொல்லுறா, "இந்தத் தெருவுல பேச ஒரு ஆளில்ல."

"ஏன், நான் இல்ல? எந்திரிச்சதுல இருந்து பேசிக்கிட்டுத்தான இருக்கேன்?"ன்னேன்.

என்னைய ஒரு பார்வ பாத்தா. "ஆமா, நீங்க பேசுறீக"ன்னா.

அதத்தான தம்பி நானும் சொன்னேன்? அவ ஒத்துக்கிட்டது எனக்கு நிம்மதியாப் போச்சு.

ஆனா பழக்கம் கெட்டுப் போச்சு அவளுக்கு. கிரெடிட் கார்டு வேணுமான்னு ஒரு புள்ள போன் பண்ணுது. "நீ சாப்பிட்டியாம்மா?"ன்னு ஆரம்பிச்சு, அந்தப் புள்ளையோட அம்மா மூட்டுவலி வரைக்கும் போயிட்டா. வைத்தியமும் சொல்லுறா. அந்தப் புள்ள ரெண்டு நா கழிச்சு, "அம்மா, நொச்சி எல கெடைக்கல, வேற என்ன வைக்கலாம்?"னு திரும்பக் கூப்புடுது. கார்டப் பத்திப் பேச்சே இல்ல. ராங் நம்பர் வந்தாக்கூட வைக்க மாட்டேங்கிறா. எந்த ஊரு, எத்தன புள்ளைகன்னு விசாரிச்சுட்டுத்தான் வைக்கிறா.

கார்த்திக மாசம் ஒருநா சாப்பாடு போட்டுக்கிட்டே, "தை பொறந்தா நான் ஓசூரு போறேன்"ன்னா. மக வீடு ஒத்த ரூமு. வீடு வித்தாத்தான் பக்கத்துல ஒரு போர்ஷன் பிடிக்க முடியும். அதச் சொன்னேன். "வித்தா ரெண்டு பேரும் போவோம். விக்காட்டி நான் போயி அந்த ஒத்த ரூமுல மொடங்கிக்கிறேன். நீங்க ரேட்டோட இருங்க"ன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. ரசத்த ஊத்திட்டுப் போயிட்டா.

கோவத்துல சொல்லுறதுன்னு விட்டுட்டேன்.

மார்கழியில ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாங்க. எங்க ஊரு மாட்டாஸ்பத்திரிக்கு மாத்தலாகி வந்த தம்பி, பேரு இளம்பரிதி. இடுப்புல கைப்புள்ளையோட அவரு சம்சாரம். ஆள் இல்லாத ஊருல மாடு மட்டும் இருக்குல்ல, அதுக்கு ஒரு ஆளு வேணும்ல. வீடு பாக்க வந்தாங்க. அந்தப் பொண்ணு தண்ணி கேட்டுச்சு. எங்க வீட்டம்மா, "உள்ள வாம்மா, புள்ளைக்கு வெயிலு படுது"ன்னு கூட்டிட்டுப் போயிட்டா. நான் அந்தத் தம்பிய விடல. சாவிக்கொத்த எடுத்துக்கிட்டு தெருவுல சாவி இருந்த ஒரு வீடு பாக்கி வைக்காமத் தொறந்து காட்டுனேன். இது தண்ணி உப்பு, இங்க பாம்பு, இதுல வெடிப்பு, இந்தா ரேட்டு. சவரி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, மேல ஆகாசத்தக் காட்டி, சத்தியத்த மீறுனா வீடு என்ன கதியாகும்னு வெளக்குனேன். நல்ல புள்ள, பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. நடுவுல ஒரு தடவ மட்டும், "சார், கெணறு இருக்கா?"ன்னு கேட்டாரு. எட்டிப் பாக்குறதுக்கா, விழுகுறதுக்கான்னு தெரியல.

திரும்பி வந்து பாத்தா, நடுவீட்டுல அந்தப் புள்ள எங்க வீட்டம்மா மடியில தூங்குது. முன்னாடி தட்டுல வெத்தல பாக்கு, பழம். எங்க வீட்டம்மா இடுப்புல ரூவா நோட்டு சொருகியிருக்கு.

"என்ன இது?"ன்னேன்.

"அச்சாரம்"னா.

"எதுக்கு?"

"வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"என் வீட்டுக்கு."

அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்குது, நானும் நிக்கிறேன். எங்க வீட்டம்மா மட்டும் ஒக்காந்துக்கிட்டே இருக்கா, புள்ள முழிச்சிரும்னு. நான் மெதுவா, வந்தவுக முன்னாடி அசிங்கம் வேணாம்னு, "என்ன வெல பேசுன?"ன்னேன். சொன்னா. பூலோகம் வித்ததவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சந்தான்.

"உப்புத்தண்ணி, பாம்பு, வெடிப்பு எல்லாம் அம்மா சொல்லிட்டாங்கய்யா. அதுக்குத் தக்க வெலதான் பேசிக்கிட்டோம்"ங்குது அந்தப் பொண்ணு. எனக்கு ஆத்தரம் தாங்கல. கொறையச் சொன்னா அந்தக் கொறைக்கு வெலையக் கொறைக்கணும்னு எந்தப் பொருளாதாரத்துல இருக்கு?

"கற்பூரம் அணைச்சிருக்கேன்டி"ன்னேன். "தெருவே அணைச்சிருக்கு. நான் வாசகம் சொன்னவன். நானே மீறுனா ஊரு என்ன பேசும்?"

"ஊருல யாரு இருக்கா பேசுறதுக்கு?"ன்னா.

 அப்பத்தான் கேட்டா தம்பி. சத்தத்த ஒசத்தாம, புள்ளையத் தட்டிக்கிட்டே கேட்டா: "கற்பூரம் அணைச்சீகளே, அதுல எவன் பேருல இந்தத் தெருவுல வீடு இருக்கு? ஒரு பேரு சொல்லுங்க."

  சங்கத்துல கடன் வாங்கிக் கட்டுனோம்னு சொன்னேன்ல, நாளைக்கு ஏதாச்சும் ஆயி ஜப்திக்கு வந்தா என்ன செய்யுறதுன்னு, யூனியன்ல ஒருத்தரு யோசன சொல்லி, பத்திரத்த அத்தன பேரும் பொஞ்சாதி பேருலதான் எழுதுனோம். மொத வீட்டுல இருந்து மனசுக்குள்ள வரிசையாப் போயிப் பாத்தேன். பூலோகம் வித்துட்டுப் போன வீடு, அதுவும் அவன் பொஞ்சாதி பேருல இருந்ததுதான். தர்மரு வீடு, அவன் பொஞ்சாதி பேரு. கடைசி வீடு வரைக்கும் போயித் திரும்புனேன். கற்பூரத்துல கை வச்ச ஒருத்தன் பேருலயும் ஒரு செங்கல்லு இல்ல. வீடு வச்சிருந்த பொம்பளைக ஒருத்தி கையிலயும் சூடு படல.

"இத ஏன்டி அன்னைக்கே சொல்லல?"ன்னேன்.

"நீங்க எங்க பேச விட்டீக?"ன்னா. அப்படி ஒரு அபாண்டம்.

சவரிக்குப் போன் போட்டேன். இப்பத் தஞ்சாவூருல மக வீட்டுல இருக்கான். "டேய், ஒன் வீட்டுப் பத்திரம் யாரு பேருலடா?"ன்னேன். "ரோசலி பேருலண்ணே, ஏன்?"ன்னான். "ரோசலி கற்பூரம் அணைக்கலைல்ல, அவ முழுசாவே வித்திருக்கலாம்டா"ன்னேன்.  "அப்ப அந்தக் கதவு..."ன்னான். நான் வச்சிட்டேன்.

ஆக, நீங்களே சொல்லுங்க. நான் சத்தியத்த மீறல. வித்தது அவ, கையெழுத்துப் போட்டது அவ, பணம் அவ கணக்குல. ரிஜிஸ்தர் ஆபீசுல நான் சாட்சிக் கையெழுத்துதான் போட்டேன். சாட்சின்னா பாத்தவன்னு அர்த்தம். பாக்குறது தப்பில்லைல்ல? தர்மரு, சவரி மாதிரி சந்துல பூந்தவன்னு என்னைய ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். தெருச் சாவிய எல்லாம் அந்த இளம்பரிதித் தம்பிகிட்டக் குடுத்தேன். ரேட்டையும் சொல்லிக் குடுத்து, ஒரு ரூவா கொறையக் கூடாதுன்னு கண்டிசனாச் சொன்னேன். தலையாட்டுனாரு. மாட்ட எல்லாம் சமாளிக்கிற ஆளு.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டீகளா? இப்ப வந்துச்சே. அது எங்க வீட்டம்மா. ஆமா, அதேதான், பச்சச் சேலை. திண்டுக்கல்லுல ஏறுன அம்மாகூட, ஏறுன நிமிசத்துல இருந்து நிறுத்தல. முன்னப் பின்னத் தெரியாத ஆளு. என்னமோ கையத் தூக்கித் தூக்கிக் காட்டுறா பாருங்க. அந்தம்மா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல இருந்து யோசிச்சுப் பாக்குறேன், இவ என்கிட்ட இப்படிக் கையத் தூக்கிப் பேசுனதா ஞாவகமே வரல. இம்புட்டுப் பேச்சு இவகிட்ட எங்க இருந்துச்சு?

என்னத்தச் சொல்லுறா? என்னையப் பத்தியா இருக்குமோ?

சித்த இருங்க தம்பி. பேசாதீக. பஸ்ஸு மேட்டுல ஏறுது, எஞ்சின் சத்தம் கொறையட்டும். என்னதான் சொல்லுறான்னு கேட்டுக்கிறேன்.